உனக்கு ஞாபகமா, ஊர் சொன்னதா?

பணி ஓய்வுக்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று ஒரு வீம்போடு இருந்தேன். ஆனாலும் போன மாதம் போகவேண்டி வந்தது. முதலியார்பேட்டையில் நான் ஆலோசகராக இருந்த குடிமறுவாழ்வு இல்லத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பவித்ரா போன் செய்து, "மேடம், புது ஆப் ஒண்ணு போட்டிருக்கோம், நீங்க வந்து பாத்தே ஆவணும்" என்று கூப்பிட்டாள். நான்காம் படியை இனி செல்போனிலேயே முடித்துவிடலாமாம்.

குடியை விட வருகிறவர்கள் ஏறவேண்டிய பன்னிரண்டு படிகளில் நான்காவது, தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பது. குடித்த காலத்தில் யாருக்கு என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் தனக்குள் எடுத்து வைப்பது. ஐந்தாவது, அதை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது. பின்னால் வரும் படிகளில், பாதிக்கப்பட்டவர்களிடம் போய் நின்று பரிகாரம் தேடுவது. கேட்க எளிது. ஆட்கள் ஓடிப்போவதும் பெரும்பாலும் இந்த நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்தான்.

பவித்ரா போனை நீட்டினாள். மனைவியை அடித்தேன்: ஆம், இல்லை. பொய் சொன்னேன்: ஆம், இல்லை. தொட்டுக்கொண்டே போனால் கடைசியில் இரண்டு கைகள் தோன்றிக் கைதட்டுகின்றன.

"எப்படி மேடம் இருக்கு?"

"நல்லாத்தான்மா இருக்கு. 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்ல எங்க கட்டம்?"

அவள் சிரித்துவிட்டாள். "தெரியாதுன்னா எப்படி மேடம்? அவங்க செஞ்சதுதானே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வாய் பொல்லாத வாய் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவள் டீ வாங்கிக் கொடுத்திருந்தாள், அதனால் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வரவில்லை. சமூகப்பணி படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன், இது கிடைத்தது. சென்னையில் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கற்றதில் பாதி, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்பது. அது எனக்கு வரவே இல்லை. நம் ஊரிலோ தெருவுக்கு நாலு சாராயக்கடை. வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊரில், குடிக்காதே என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவளாக ஆனேன். "கடலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு நனையாதேன்னு சொல்ற மாதிரி" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

வேலையைச் சொல்லிக்கொடுத்தது மிசேதான். இல்லத்தை நடத்தியவர் அவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். அங்கே 'ஐயா' என்பதற்குச் சொல்லும் வார்த்தையே இங்கே அவருக்குப் பெயராகிவிட்டது. அவரே ஒருகாலத்தில் மொடாக்குடியர். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, மழித்த முகம், உட்கார்ந்தால் இரண்டு கைகளும் முழங்காலில். எதையும் இரண்டு முறை சொல்ல மாட்டார். கேட்டது போதும் என்றால் "போன்" என்பார், பிரெஞ்சில் சரி என்று அர்த்தம். அந்த 'போன்' காதில் விழுவதற்காக ஆட்கள் ஏங்குவார்கள்.

ஐந்தாம் படி கேட்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. பின்பக்க அறையில்தான் கேட்பார். நாற்காலிகளை எதிரெதிராகப் போட மாட்டார். வரிசையாக, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் போல, எல்லாரும் சன்னல் வழியே கொல்லை முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். "மூஞ்சியப் பாத்தா மூஞ்சிக்கு ஏத்த மாதிரி பேசுவான். மரத்தப் பாத்தா அதுக்கு என்னத்த அளக்கப் போறான்?" என்பார். அப்புறம் ஃபேனை நிறுத்திவிடுவார். சித்திரை வெயிலிலும் நிறுத்துவார். வியர்த்தால்தான் மனசு இளகும், அது ஒரு தத்துவம் என்று பையன்கள் பேசிக்கொள்வார்கள். தத்துவமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவருக்கு இடது காது மந்தம், அந்தப் பழைய ஃபேன் கடகடவென்று ஓடினால் ஒன்றும் கேட்காது. பேசுகிறவரை வலப்பக்கம் உட்கார வைத்துக்கொள்வார். அவருக்கு ஏதாவது தப்பிப்போனால் பிடித்துக்கொள்ள அந்தக் கோடியில் நான். எல்லாம் சொல்லி முடிந்த பிறகு அவரே எழுந்து ஃபேனைப் போடுவார். வேறு யாரும் அந்தச் சுவிட்சைத் தொடக்கூடாது.

தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் பட்டங்களும் அங்கே செல்லாது. ஒருமுறை லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாத்தியார் வந்திருந்தார். "நான் பாவி, நான் மிருகம், என் குடும்பத்துக்கு நானே எமன்" என்று அடுக்குமொழியில் பொழிந்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது. மிசே அசையாமல் கேட்டுவிட்டு, "நல்லா பேசறீங்க. இப்ப என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க" என்றார். வாத்தியார் வாயைத் திறந்து, மூடி, கடைசியில் மெல்லிய குரலில், "என் பையனோட சைக்கிளை வித்துக் குடிச்சேன்" என்றார். "போன்" என்றார் மிசே. ஒருவன் தன்னைத் திட்டிக்கொள்வதும் ஒளிந்துகொள்கிற வழிதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அது ஒரு தேங்காயால் வந்தது. ஒருவர் தன் எதிர்வீட்டுக்காரரிடம் வருஷக்கணக்காகத் தலைகுனிந்து நடந்திருக்கிறார். குடிவெறியில் அவருடைய ஸ்கூட்டர் விளக்கை உடைத்துவிட்டதாகத் தெருவே சொன்னது, இவருக்கு ஞாபகம் இல்லை, நம்பிவிட்டார். இங்கே வந்து திருந்தி, போய் மன்னிப்புக் கேட்டபோது அந்த வீட்டம்மா, "ஐயோ, அது மரத்துலேர்ந்து தேங்கா உழுந்து உடைஞ்சதுங்க, அப்புறமா தெரிஞ்சுது" என்று சொல்லியிருக்கிறார். தெரிந்தபின் யாரும் இவரிடம் வந்து சொல்லவில்லை. மிசே அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "குடிகாரன் இருக்கற தெருவுல தேங்கா கூட தானா உழாது" என்றார்.

அதிலிருந்து, யார் எதைச் சொன்னாலும் மிசே ஒன்று கேட்பார்: "உனக்கு ஞாபகமா, ஊரு சொன்னதா?" அளவு மீறிக் குடிப்பவர்களுக்கு நடந்தது அடியோடு மறந்துபோகும் நேரங்கள் உண்டு. எழுந்து நடப்பார்கள், பேசுவார்கள், மறுநாள் ஒன்றும் இருக்காது. அந்த ஓட்டையில் வீடும் தெருவும் எதை வேண்டுமானாலும் போடலாம். ஊர் சொன்னதாக இருந்தால், பரிகாரம் தேடும் முன், சொன்னவரிடமே போய் என்ன நடந்தது என்று கேட்டுவர வேண்டும். அதுதான் எங்கள் முறை.

இப்போது ஏழுமலைக்கு வருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், தொழிலையும் மாற்றியிருக்கிறேன். அவர் மகளிடம் கேட்டு, சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

உப்பளத்துக்காரர். மில்லில் இருந்தவர், மில் மூடிய பின் ஆட்டோ ஓட்டினார். குடித்துக் குடித்து ஆட்டோ போய், வேலை போய், எங்களிடம் வந்து சேர்ந்தார். மனைவி மல்லிகா ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தார். ஒரே மகள் கௌரிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா தாரை வார்க்கக் கூடாது, சித்தப்பாதான் நிற்க வேண்டும் என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்பாவிடம் அவள் பேசியே பல வருஷமாகியிருந்தது. மகள் கல்யாணத்தில் அப்பாவாக நிற்க வேண்டும், ஏழுமலைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் படியில் அவர் எல்லாம் சொன்னார். அடித்தது, திருடியது, மாமியார் சாவுக்குக் குடித்துவிட்டுப் போய் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் மிசே கேட்க, "ஞாபகம் இருக்கு மிசே" என்று தெளிவாகச் சொன்னார். கடைசியில் குரல் மாறியது.

"எம்பொண்ணு சின்ன புள்ளயா இருக்கசொல்ல, கொதிக்கிற கஞ்சிய அவ கையில ஊத்திட்டேன். தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் இன்னும் தழும்பு இருக்கு."

"உனக்கு ஞாபகமா, ஊரு சொன்னதா?"

"சம்சாரம் சொன்னா. வடிச்சிக்கிட்டிருந்த சட்டிய நான் போதைல போயி தட்டி உட்டேன்னு. எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா அவ பொய் சொல்ல மாட்டா மிசே."

"அந்த நாளைப் பத்தி உனக்கு ஞாபகம் இருக்கறது என்ன?"

வெகுநேரம் முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல" என்றார்.

மிசே 'போன்' சொல்லவில்லை. "சம்சாரம் வந்தா கேளு. அப்புறம் பொண்ணுகிட்ட பேசலாம்" என்றார். ஃபேனையும் போடாமல் எழுந்து போய்விட்டார்.

மனைவி பார்க்க வந்தபோது ஏழுமலை கேட்டிருக்கிறார். "அதான் சொன்னேனே, எத்தினி வாட்டி கேப்ப" என்று எரிந்து விழுந்துவிட்டு மல்லிகா போய்விட்டார். மறுநாள் காலை விடுதி வேலை முடிந்த கையோடு என் அறைக்கு வந்து நின்றார். கதவைச் சாத்தச் சொன்னார். உட்காரவில்லை.

"கை என்னுதுக்கா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"சட்டி என் கையிலேர்ந்துதான் நழுவுச்சு. பசிக்குது பசிக்குதுன்னு புள்ள பின்னாலயே வந்து நின்னுது. நான் பாக்கல. ஆஸ்பத்திரில நர்ஸம்மா கேக்கறாங்க, எப்படி ஆச்சுன்னு. எம்மாமியாரு பக்கத்துலயே நிக்கறாங்க. வாயில அவரு பேருதான் வந்துச்சு. கேட்ட ஒருத்தருக்கும் நம்பறதுக்குக் கஷ்டமா இல்லக்கா."

"உங்க வீட்டுக்காரரு?"

"விடிஞ்சதும் என் கால்ல உழுந்து அழுதாரு. அப்பவே சொல்லியிருக்கணும். ஆனா அன்னிக்கு அவரு குடிக்கல. நாலு நாள் குடிக்கல. புள்ள கையக் காட்டுனா போதும், கொஞ்ச நாளைக்கு அடங்குவாரு. அத உட்டா எங்கிட்ட வேற இன்னா இருந்துச்சு?"

என் வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, செய்யாத தப்ப ஒரு மனுசன் இத்தனை வருஷமா சொமந்துக்கிட்டு அலையறாரு. பெத்த பொண்ணு மூஞ்சி குடுத்துப் பேசல. உனக்கு நெஞ்சு உறுத்தலையா?" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "நீங்க ஒரு மாசம் அவரோட குடித்தனம் பண்ணிப் பாருங்க. அப்புறம் கத்துங்க."

நான் தண்ணீர் எடுத்து நீட்டினேன். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஏழுமலை இங்கே வந்து சேர்ந்ததே அந்தத் தழும்பை நினைத்துத்தான், அது தன் கையால் ஆகவில்லை என்று தெரிந்தால் மறுபடி பாட்டிலைத் தொடுவார், தாயும் இத்தனை நாள் பொய் சொன்னாள் என்று கௌரி தன்னையும் விட்டுவிடுவாள், அதுதான் மல்லிகாவின் பயம். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வேலையில் அதை மீற முடியாது. குடும்பத்தார் தனியாகச் சொன்னது அந்த அறையைத் தாண்டக்கூடாது. நீங்களே சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

நெருப்பை மடியில் கட்டிக்கொண்டது போல இருந்தது. கௌரி ஒரே ஒருமுறை வர ஒப்புக்கொண்டிருந்தாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை. மிசேயிடம் போனேன். "ஒருத்தங்க எங்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்காங்க. சொல்லாமயும் இருக்க முடியல" என்றேன்.

"அப்ப இருக்க முடியாமயே இரு" என்றார். பிறகு, எப்போதும் இல்லாதபடி, இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தார். "அது அவங்க ஏற வேண்டிய படி. நீ தூக்கிட்டுப் போய் மேல உட்டா, அவங்களுக்கு எறங்கத்தான் தெரியும்."

இந்த மனிதருக்குக் கல் நெஞ்சு என்று அன்று மனதுக்குள் திட்டினேன்.

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையை அந்த அறையிலேயே முடிக்க ஆசை. ஏழுமலை கல்யாணத்தில் நிதானமாக நின்று தாரை வார்த்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வருஷம் கழித்து ஒருமுறை சறுக்கினார். யாரும் இழுத்துவராமல் தானே திரும்பி வந்து, முதல் படியிலிருந்து ஏறினார். அதற்கப்புறம் குடிக்கவில்லை. மல்லிகா குடும்பத்தாருக்கான கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார். மிசே இப்போது இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். மிசே, அவர் வலப்பக்கம் ஏழுமலை, அடுத்து மல்லிகா, கௌரி, கோடியில் நான். கௌரி முழுக்கை சுடிதார் போட்டிருந்தாள். கைப்பையை மடியில் வைத்து, இப்போதே எழுந்து போகிறவள் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மிசே ஃபேனை நிறுத்தினார். புழுக்கம் அப்பியது.

"கௌரி" என்று ஆரம்பித்தார் ஏழுமலை. "உங்கிட்ட எத்தினியோ வாட்டி மன்னிப்பு கேட்டிருக்கேன். பொங்கலுக்குக் கேட்டேன், தீவாளிக்குக் கேட்டேன். எல்லாம் போதைல. இன்னிக்குக் கேக்கறதுக்கு முன்னால, சொல்ல வேண்டியதச் சொல்லிடறேன்."

அவள் மரத்தைப் பார்த்தாள்.

"கஞ்சிய நான் தட்டி உட்டேன்னு அம்மா சொன்னா. எனக்கு அது ஞாபகம் இல்ல. செஞ்சேன்னு சொல்ல முடியல, செய்யலன்னும் சொல்ல முடியல. ஞாபகத்துல இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இங்க மிசே கேட்டப்ப கூட நான் சொல்லல. பாயில படுத்திருக்கேன். நீ கத்தற. கண்ணத் தொறந்தேன். தூங்க உடறாளுங்களா பாருன்னு நெனச்சேன். செவுத்துப் பக்கம் பொரண்டு படுத்துட்டேன். அம்மா சொன்னதோட இது சேரல. அதனால வேற என்னிக்காச்சும் நடந்திருக்கும், இல்ல கனவா இருக்கும்னு உட்டுட்டேன். கஞ்சிய ஊத்துனேன்னு சொல்லி அழறது எனக்கு சுலபமா இருந்துச்சும்மா. போதைல செஞ்சது, நான் செய்யலன்னு சொல்லிக்கலாம். இது அப்படி இல்ல. இது நானு."

நான் மல்லிகாவைப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்தேன்.

"கனவு இல்ல" என்றார் மல்லிகா. "நீ பாயிலதான் இருந்த. எழுந்திருக்கவே இல்ல. சட்டி என் கையிலேர்ந்து நழுவுச்சு. நான்தான் உம்மேல போட்டேன்." அவர் மகளின் பக்கம் திரும்பவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

நான் ஏழுமலையைப் பார்த்தேன். எழுந்து கத்துவார், நாற்காலியைத் தூக்கி எறிவார், நேரே கடைக்குப் போவார் என்றெல்லாம் பயந்திருந்தேன். அவர் மனைவியைப் பார்க்கவே இல்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் பொரண்டு படுத்தது நெசந்தானா?" என்றார்.

"நெசந்தான்" என்றாள் கௌரி. அவள் பேசியதைக் கேட்டு மூன்று பேரும் திரும்பினோம். மிசே மட்டும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா கைதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான் அங்கதான நின்னேன்? ஆஸ்பத்திரில அம்மா மாத்திச் சொன்னாங்க. உன்னப் பெத்த ஆயா திட்டுவாங்கன்னு பயந்துட்டாங்கன்னு நெனச்சேன், நானும் வாயத் தொறக்கல. நான் கத்துனப்ப உன்னத்தான்பா பாத்தேன். நீ கண்ணத் தொறந்து என்னப் பாத்த. பாத்துட்டுத் திரும்பிப் படுத்த. அதுக்கப்புறம் வருஷா வருஷம் கால்ல வந்து உழுவுற, கஞ்சிய ஊத்திட்டேன் மன்னிச்சிடுன்னு. நீ செய்யாததுக்கு நான் எப்படிப்பா மன்னிக்கறது?"

ஏழுமலை அழுதார். அவர் முன்பு அழுததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், சத்தமான அழுகை. இது சத்தமே இல்லாமல் வந்தது. "திரும்பிப் படுத்துட்டேம்மா" என்றார். "பாத்துட்டுத்தான் திரும்பிப் படுத்தேன். அதுக்கு என்ன மன்னிப்பியா?"

கௌரி கைப்பையைக் கீழே தரையில் வைத்தாள்.

"கல்யாணத்துக்கு நிதானமா வந்து நில்லு. அப்புறம் சொல்றேன்" என்றாள். "சாராய வாட வந்துச்சுன்னா சித்தப்பாதான்."

"போன்" என்றார் மிசே, மெதுவாக.

மல்லிகா இன்னும் முந்தானையை எடுக்கவில்லை. கழுத்தெல்லாம் வியர்வை வழிந்து ரவிக்கை நனைந்திருந்தது. கௌரி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, எங்கள் வழக்கம் ஒன்றும் அறியாதவளாக மிசேயிடம் கேட்டாள்.

"சார், அந்த ஃபேனக் கொஞ்சம் போடறீங்களா? எங்கம்மாவுக்கு வேர்க்குது."

மிசே முழங்காலில் கையை ஊன்றி எழுந்து போய் ஃபேனைப் போட்டார்.